திறந்தவெளியும் சிறார் நலமும்

விழாக் காலங்களிற் கல்லூரிக்கு மீண்டு வரும் பழைய மாணவரை யாம் கூர்ந்து நோக்கியதுண்டு. கொழும்பிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் வாழ்ந்து, நரைத்த தலையுடன் வாயிலிற் புகும் அன்பர், அதிபருக்கு வணக்கங் கூறியபின் முதலிற் காண விரும்புவது தாம் இருந்து படித்த வகுப்பறையை அன்று. மைதானத்து மூலையில் நின்ற வேம்பு இன்னும் நிற்கின்றதா, விடுதிக் கிணற்றடி எவ்வாறிருக்கின்றது, மதிலுக்கு அப்பாலிருந்த பனங்காணி இப்பொழுது யார் கையில் உள்ளது என்பனவே அவர்தம் வினாக்கள். கேத்திர கணிதத்தை முற்றாக மறந்தவரும் அவ்வேம்பை மறந்திலர். இன்று நம் கல்லூரியிற் பயிலும் சிறுவன் நாற்பது ஆண்டுகளின்பின் இவ்வாயிலில் வந்து நிற்கும்போது எதனை வினாவுவான்? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதுமாறு எம்மைத் தூண்டியது.

இயற்கை என்றவுடன் மலையும் அருவியும் அடர்ந்த கானகமும் நம்மவர் மனக்கண்முன் தோன்றுகின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவை இல்லை. வற்றாது ஓடும் ஆறும் இல்லை. மாரியில் மாத்திரம் ஓடி அராலிப் பக்கத்திற் கடனீரேரியைச் சேரும் வழுக்கியாறு ஒன்றே ஆறென்னும் பெயர் தாங்கி நிற்கின்றது. ஆதலினாலே பிள்ளைகட்கு இயற்கையைக் காட்டவேண்டுமாயின் ஆண்டுக்கொருமுறை நுவரெலியாவுக்குச் சுற்றுலாச் செல்லவேண்டும் என்று எண்ணும் பெற்றோர் உளர். இவ்வெண்ணம் பொருந்தாது. நம் நிலம் சுண்ணக்கற் பாறைமீது தட்டையாகப் பரந்தது. எவ்வூரினின்று புறப்பட்டாலும் பத்துக் கிலோமீற்றர் செல்லுமுன் கடலையேனும் கடனீரேரியையேனும் காணலாம். பனங்கூடலும் வடலியும், வெங்காயப் பாத்தியும் புகையிலைத் தோட்டமும், மாரியில் நிரம்பிக் கோடையில் வெடிக்கும் குளங்களும், பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நின்ற வேலிகளும் நம் வாயிலிலேயே உள்ளன. மணற்காட்டில் மணற்குன்றுகளும் சவுக்குத் தோப்பும் உண்டு. சரசாலையிலே குருவிக்காடு உண்டு. சுண்டிக்குளம் 1938ஆம் ஆண்டிற் பறவைகள் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பெற்று, 2015ஆம் ஆண்டிற் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பெற்றது. குறைவு நிலத்தில் இல்லை. பிள்ளைகளை அந்நிலத்தில் விடுதற்கு நமக்குள்ள மனத்திலேயே உள்ளது.

முன்னைய தலைமுறையினர் காலத்தை நாட்காட்டியில் மாத்திரம் அறிந்தவரல்லர். நுங்குக் காலத்திலே கோம்பையில் வண்டில் செய்து ஒழுங்கை நீளத்துக்கு உருட்டினர். ஆவணியிற் பனம்பழம் விழும் ஓசையைப் படுக்கையிற் கேட்டு, அயல்வீட்டுப் பிள்ளை முந்திவிடுமோ என்று விடியுமுன் ஓடிப் பொறுக்கினர். அப்பழத்தின் விதையே பின்னர்ப் பாத்தியிற் புதைந்து, மாரிமழை நனைக்க முளைத்து, தை மாசியிற் கிழங்காகக் கைக்கு வந்தது. இடையிலே விதையைப் பிளந்து பூரான் தின்ற சுவையை இதனைப் படிக்கும் அன்பர் பலர் இன்னும் மறந்திரார். சோளகம் எப்பொழுது எழும், வாடை எப்பொழுது திரும்பும் என்பதை அவர்க்குக் கற்பித்தது பட்டம். முச்சை ஒரு விரற்கடை தவறினாற் பட்டம் குத்துக்கரணமடித்து வீழும்; வால் நீண்டால் எழாது; விண் பூட்டினால் இரவெல்லாம் வானத்திலிருந்து கூவும். வல்வெட்டித்துறைக் கடற்கரையிலே தைப்பொங்கல் நாளில் நடைபெறும் பட்டப்போட்டி அக்கலை இன்னும் மாண்டுவிடவில்லை என்பதற்குச் சான்று. மாலையிற் கிளித்தட்டும் கிட்டிப்புள்ளும் போளையும் இருந்தன. இவற்றுக்கு ஆசிரியருமில்லை, கட்டணமுமில்லை, பரிசளிப்பு விழாவுமில்லை. சண்டை மூண்டாற் பிள்ளைகளே நீதிபதிகள்.

இவ்வாழ்வு இரு முறை அறுந்தது. முதன்முறை அறுத்தது போர். 1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியிலிருந்து 2009ஆம் ஆண்டு வரை, வெளி என்னும் சொல் நம் தாய்மாருக்கு அச்சத்தின் பெயராயிற்று. பிள்ளைகள் மண்ணை அளைந்து விளையாடிய வளவுகளிலே பதுங்குகுழிகள் வெட்டப்பட்டன. 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கு மக்கள் தம் ஊர்களைவிட்டு நீங்கினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாளிரவு வலிகாமம் முழுவதுமே மழையினூடு தென்மராட்சி நோக்கி நடந்தது. நிலத்திற் கிடக்கும் எப்பொருளையும் தொடாதே, ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாதே என்று பாடசாலைகளிலே மிதிவெடி பற்றிப் பாடம் நடாத்தவேண்டியிருந்தது. அப்பாடம் உயிர் காத்தது. அதனைக் குறை கூறுவோமாயின் நன்றி கெட்டவராவோம். ஆயினும் அன்று அவ்வாறு கற்ற பிள்ளைகளே இன்று பெற்றோராயினர். மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளின்பின் 2017ஆம் ஆண்டு யூலை மாதத்தில் மக்களிடம் மீண்டது. முகமாலையில் மிதிவெடிகள் அடியடியாக அகற்றப்பட்டன. நிலம் மெல்ல மெல்ல மீண்டது. நெஞ்சினின்று அச்சம் அவ்வளவு விரைவில் நீங்கவில்லை. பிள்ளை கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருத்தல் வேண்டும், சுவருக்குள் இருத்தல் அதனினும் நன்று என்னும் பழக்கம், காரணம் போனபின்னும் எஞ்சி நிற்கின்றது.

இரண்டாம் முறை அறுத்தவர் நாமே. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையை நோக்கிப் பிள்ளையின் ஓட்டம் மூன்றாந் தரத்திலேயே தொடங்குகின்றது. காலை ஏழரைக்குப் பாடசாலை. பகல் ஒன்றரைக்கு வீடு. உண்ட கை உலருமுன் ரியூட்டரி. பொழுது சாய்ந்தபின் வீட்டுவேலை. சனி ஞாயிறுகளில் மீண்டும் தகரக் கூரையின்கீழ் வாங்கில். இடையிற் கிடைக்கும் அரைமணியைக் கைத்தொலைபேசி விழுங்கிவிடுகின்றது. 2020, 2021ஆம் ஆண்டுகளிற் பெருந்தொற்றுக் காலத்திலே பாடமே அக்கருவியினூடு வந்தமையால், அதனைக் கையினின்று பறிக்கும் உரிமையையும் பெற்றோர் இழந்தனர். யாம் பிறரைச் சாடி எழுதுகின்றோமல்லேம். எம் இல்லத்துப் பிள்ளையையும் மாலை நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிச்சென்று வகுப்பு வாயிலில் இறக்கிவிட்டவர் யாமே.

இதனால் விளையும் கேட்டினை முதலிற் காட்டுவது கண். எந்த வகுப்பறையினுள்ளும் எட்டிப் பார்த்தால், மூக்குக்கண்ணாடி அணிந்த சிறுவர் தொகை நம் காலத்திலும் மிகுந்திருத்தலைக் காணலாம். குறும்பார்வை என்பது விழிக்கோளம் அளவுக்கு மேல் நீண்டுவிடுதலால் உண்டாவது. தூரத்துப் பொருளின் விம்பம் விழித்திரையில் விழாது அதன் முன்னே விழுகின்றது. ஒருமுறை நீண்ட கோளம் மீண்டும் சுருங்குவதில்லை. பெற்றோர்க்கு இருப்பின் பிள்ளைக்கும் வரும் என்று கூறி நாம் அமைதி கொள்வதுண்டு. பரம்பரை ஒரு காரணமே. ஆயினும் கிழக்காசிய நகரங்களிலே பாடசாலையை விட்டு நீங்கும் இளைஞரிற் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் குறும்பார்வையுடையராய் இருக்கின்றனர். அவர்தம் பாட்டன்மார் அவ்வாறிருந்திலர். இரு தலைமுறையிற் பரம்பரை மாறாது. மாறியது பிள்ளை பொழுது போக்கும் இடம்.

2008ஆம் ஆண்டிற் சிட்னி நகரத்து ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வு, வெளியில் மிகுந்த நேரம் இருக்கும் பிள்ளைகளிடத்துக் குறும்பார்வை குறைவு என்று காட்டிற்று. ஓடி விளையாடுதலால் அன்று, வெளியில் இருத்தலாலேயே அந்நன்மை உண்டாயிற்று என்பது அதிற் கருதத்தக்கது. உள்ளரங்கில் விளையாடியவர்க்கு அது கிட்டவில்லை. சீன நாட்டுக் குவாங்சோ நகரில் இதனை முறைப்படி பரீட்சித்தனர். பன்னிரண்டு ஆரம்பப் பாடசாலைகளில் ஆறினைத் தெரிந்து, முதலாந் தரப் பிள்ளைகளை நாடோறும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியே விட்டனர். ஏனைய ஆறும் வழமைபோல் நடந்தன. மூன்றாண்டு கழிந்தபின் வழமையான பாடசாலைகளில் 39.5 வீதத்தினர்க்கும், வெளியே விடப்பட்டோரில் 30.4 வீதத்தினர்க்கும் புதிதாகக் குறும்பார்வை தோன்றியிருந்தது. அம்முடிவு 2015ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தைவான் அரசு 2010ஆம் ஆண்டிலிருந்து நாடோறும் இரண்டு மணி நேரம் பிள்ளைகளை வெளியில் விடுமாறு பாடசாலைகளை ஊக்கி வந்தது. ஆண்டுதோறும் ஏறிவந்த பார்வைக் குறைவு அங்கே 2012இல் 49.4 வீதமாயிருந்து 2015இல் 46.1 வீதமாக இறங்கிற்று. இறக்கம் சிறிதேயாயினும், பல்லாண்டு ஏறிய கோடு முதன்முறை திரும்பியது என்பதே செய்தி.

காரணம் ஒளி. நம் வகுப்பறையின் ஒளி சில நூறு லக்ஸ் அளவினது. மரநிழலில் அது பல்லாயிரமாகும். வெட்டவெளியில் நண்பகலில் ஓரிலட்சத்தை எட்டும். மிக்க ஒளியிலே விழித்திரை டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கின்றது. அது விழிக்கோளம் நீளுதலைத் தடுக்கின்றது என்று அறிஞர் விளக்குவர். நம் கண் அறையின் மங்கலுக்கு விரைவிற் பழகிவிடுதலால் இவ்வேறுபாட்டை நாம் உணர்வதில்லை. வெயிலிற் காய வேண்டுமென்பதில்லை, வேம்பின் நிழலே போதும் என்பதும் இதனாற் பெறப்படும். ஒன்று மாத்திரம் கூறவேண்டும்: குறும்பார்வை வருமுன் காத்தற்கே வெளி பெரிதும் உதவும், வந்தபின் அதனை நீக்காது. ஆகவே ஆறு முதற் பத்து வயது வரையுள்ள பருவமே முதன்மையானது. நாம் பிள்ளையைப் பூட்டிவைக்கும் பருவமும் அதுவே.

உடலின் ஏனைய பகுதிகளைப் பற்றி விரித்துக் கூறவேண்டியதில்லை. ஐந்து வயது முதற் பதினேழு வயது வரையுள்ளோர் நாடோறும் சராசரி 60 நிமிடம் உடலை நன்கு அசைத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கூற்று. எலும்புக்கு வேண்டிய விற்றமின் டி தோலில் வெயில் படுதலாலே உண்டாகின்றது. ஞாயிறு ஆண்டு முழுதும் காயும் நாட்டில் அதனைக் குளிசையாக விழுங்கும் பிள்ளைகளைக் காண்பது வியப்பே. மண்ணைப் பற்றி ஒரு செய்தி மாத்திரம் கூறுவாம். மண் அழுக்கு, அழுக்கு நோய் என்றே நாம் பிள்ளைகளை வளர்க்கின்றோம். பின்லாந்து நாட்டிலே சில சிறுவர் பராமரிப்பு நிலையங்களின் முற்றத்திற் காட்டு மண்ணையும் புல்லையும் பரப்பி, மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளை அதில் அளையவிட்டனர். 28 நாட்களுள் அப்பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர் வகைகள் பெருகின. குருதியில் நோயெதிர்ப்பைச் சீர்செய்யும் அறிகுறிகளும் காணப்பட்டன. இது 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நம் ஊர்ப் பிள்ளை செம்மண்ணில் இறங்குதற்கு வேண்டியது தாயின் இசைவு மாத்திரமே.

மனத்தைப் பற்றிக் கூறுதல் கடினம்; ஆனால் நம் மண்ணுக்கு அதுவே மிக வேண்டியது. டென்மார்க்கில் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, பசுமை மிகக் குறைந்த சூழலில் வளர்ந்தவர்க்குப் பிற்காலத்தில் மனநோய் வரும் வாய்ப்பு, பசுமை மிகுந்த சூழலில் வளர்ந்தவரினும் 55 வீதம் வரை மிகுந்திருந்ததாகக் கூறிற்று. பசுமையே காரணம் என்று இதனால் முடிவு கட்டலாகாது; செல்வநிலையையும் பெற்றோர் நோயையும் கணக்கிற் சேர்த்தபின்னும் அத்தொடர்பு நின்றது என்பதே அறியத்தக்கது. டென்மார்க்கு நமக்குத் தொலைவு. மட்டக்களப்பு அண்மையது. அங்கே 1996ஆம் ஆண்டில், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலே, கனடிய ஓவியர் போல் ஹோகனும் இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகமும் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒருங்கே அங்கு வந்தனர். மரமும் மண்ணும் விலங்குகளும் நிறைந்த தோட்டத்தில் வரைந்தனர், களிமண் பிசைந்தனர், கதை கட்டினர், விளையாடினர். பேசுவதை நிறுத்தியிருந்த பிள்ளையைப் பேசு என்று வற்புறுத்தாமல், ஆட்டுக்குட்டிக்கு இலை ஊட்ட விடுவது எத்துணை நுண்ணிய மருத்துவம்! அப்பணியினர் கையிற் பெருஞ்செல்வம் இருக்கவில்லை. ஒரு தோட்டமும் பொறுமையுமே இருந்தன. நம் பிள்ளைகள் போரைக் காணாதவராயினும், அதனைக் கண்டவர் வளர்க்கும் பிள்ளைகள் என்பதை மறத்தலாகாது.

கல்வி கெடும் என்று அஞ்சும் பெற்றோர்க்கு ஒன்று கூறுவாம். நண்பர் ஒருவரின் மைந்தன் நெய்தற் றிணையின் முதல், கரு, உரிப்பொருள்களைத் தடையின்றி ஒப்புவித்தான். கண்டல் என்றால் யாது என்று வினாவினேம். குறிப்பில் அவ்வாறிருக்கின்றது என்றான். அவன் வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றரிற் கடனீரேரி. அதன் கரையிற் கண்டல். நம்மூரில் அதனைக் கண்ணா என்பர். இரண்டையும் இணைத்துக் காட்ட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை. புத்தூர் நிலாவரையில் இட்ட தேசிக்காய் கீரிமலையில் மிதந்து வரும் என்னும் கதையைக் கேட்ட பிள்ளை, அக்கிணற்றின் விளிம்பில் நிற்குமாயின், மேலே நன்னீரும் கீழே உவர்நீரும் ஏன், பாறைக்குள் நீர் எவ்வழி ஓடும் என்று தானே வினாவும். சுண்ணக்கல்லைக் கரைத்து மழைநீர் குடையும் விந்தையைக் கற்பிக்க அதனினும் சிறந்த கரும்பலகை ஏது? வாந்தாங் காட்டிய நிலத்தைக் கண்ட பின்னரே வரைபடம் பொருள்படும்.

பெண் குழந்தைகளைப் பற்றி நம் போன்ற ஆண்கள் கல்லூரியின் மலர்கள் எழுதுவது அரிது. வீட்டில் அண்ணன் பந்தெடுத்து ஓடும்போது, தங்கை பத்து வயதுடன் முற்றத்துக்குள் நிறுத்தப்படுகின்றாள். எட்டுக்கோடு கீறிய முற்றமும் இப்பொழுது சீமெந்துத் தரையாயிற்று. அவள் கண்ணுக்கும் எலும்புக்கும் வேறு சட்டம் இல்லை.

வெளியில் விடுதல் என்பது கவலையின்றி விடுதலன்று. பங்குனி முதல் ஆவணி வரை முற்பகல் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையே வெயில் கடுமையானது. பிள்ளைகள் அப்போது நிழலில் இருத்தலே தகும். கட்டில்லாக் கிணறும் பாசி படர்ந்த கேணியும் உயிர் கொள்பவை. நீந்தக் கற்பித்தலே அதற்குக் காப்பு, கீரிமலைக் கேணியிலே பெரியோர் துணையுடன் கற்ற தலைமுறைகள் பல. பொழுதுபட்டபின் வயல்வரம்பிலும் விறகுக் குவியலருகிலும் புடையன் திரியும். செருப்பும் வெளிச்சமும் வேண்டும். டெங்கு நுளம்பு காலையிலும் மாலையிலுமே மிகுதியாகக் கடிக்கும் ஆதலின், வளவிற் கிடக்கும் சிரட்டையையும் தகரப் பேணியையும் கவிழ்ப்பதைப் பிள்ளைகளிடமே ஒப்படைக்கலாம். அதுவும் வெளியில் நிகழும் வேலைதானே.

இனிப் பழைய மாணவ அன்பர்களை நோக்கி ஒரு விண்ணப்பம். விழா என்றவுடன் கட்டிடம் எழுப்புதல் நம் மரபாயிற்று. கொடை வழங்குவோர் பெயரைக் கல்லிற் பொறிக்கச் சுவர் வேண்டியிருத்தலின் இம்மரபு எளிதில் மாறாது என்பதை யாம் அறிவேம். கட்டிடம் வேண்டாம் என்று கூறுவேமல்லேம். அது மேலே எழுக, மைதானத்துக்குள் நீளற்க. எஞ்சிய மூலையில் மருதும் வேம்பும் நாவலும் நட்டு, அவற்றின் கீழ் இருக்கைகள் அமைத்தால், கீழ்வகுப்பினர்க்கு நாடோறும் ஒரு பாடத்தை அங்கே நடத்தலாம். இரவீந்திரநாத தாகூர் 1901ஆம் ஆண்டிற் சாந்திநிகேதனத்தில் மரநிழலிலேயே பள்ளியைத் தொடங்கினார். அதனாற் பாடம் கெட்டதென்று எவரும் கூறினாரல்லர். ஆசிரியர்களுக்கு அதிபர் இவ்வுரிமையை எழுத்தில் வழங்கல் நன்று; ஏனெனில் மரத்தடியிற் பிள்ளைகளுடன் காணப்படும் ஆசிரியரைப் பாடம் நடத்தாதவர் என்று கருதும் பெற்றோர் இன்னும் உளர். ரியூட்டரிகளைப் பொறுத்தவரை, ஞாயிறு முழுவதையும் பிள்ளைகட்கு விட்டுவிடுமாறு, அவற்றில் கற்பிக்கும் நம் பழைய மாணவர்களே முதலிற் றுணியவேண்டும். அவர்தம் தொகை சிறிதன்று.

தொடக்கமாக ஒன்றைச் செய்யலாம். வாடைக் காலத்திலே வடநாட்டுப் பறவைகள் நம் கடனீரேரிகளுக்கு வருகின்றன. மண்டைதீவுப் பக்கத்து ஆழமில்லா நீரிற் பூநாரைகளும் நிற்பதுண்டு. மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றிற் காலை ஆறு மணிக்குக் கல்லூரி வாயிலிற் புறப்பட்டுப் பண்ணைத் தாம்போதி வழியே சென்றால், ஒன்பது மணிக்கு மீண்டுவிடலாம். ஒரு பேருந்தின் வாடகை, நாற்பது பிள்ளைகட்குப் பாணும் வாழைப்பழமும், ஆளுக்கொரு கொப்பியும் பென்சிலும், இரண்டு இருவிழித் தொலைநோக்கிகள் ஆகியவையே செலவு. தொலைநோக்கிகளை வாங்கித்தர அன்பர் ஒருவர் இசைந்துள்ளார். ஆறாந் தர மாணவரிடையே எவர் முதலிற் செல்வது என்பதில் இப்பொழுதே வழக்கு மூண்டிருக்கின்றது.